கூரைக்கு எப்ப வரும்?

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு இராப்போசனத்துக்குப் போனால் ஒரு கேள்வி எனக்கென்றே காத்திருக்கும். "அண்ணை, நீங்கள் செய்யிற அந்த பிளாஸ்திக் சோலார் எப்ப எங்கட வீட்டுக் கூரைக்கு வரும்?" கேட்கிற ஆள் மாறுவார், கேள்வி மாறாது. தட்டில் கொத்துரொட்டி ஆற, பின்னால் பைலா அதிர, அங்கே நின்று ஒழுங்கான பதில் சொல்ல வழியில்லை. "வரும், வரும்" என்று சொல்லித் தப்பிவிடுவேன். இம்முறை மலர்க்குழு பக்கம் ஒதுக்கித் தந்திருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

நான் உயர்தரம் படித்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். யாழ்ப்பாணத்தில் 1990 நடுப்பகுதியில் நின்ற மின்சாரம் நான் கல்லூரியை விட்டு வெளியேறும்வரை திரும்பவில்லை. என் வகுப்புக்காரருக்கு ஜாம் போத்தல் விளக்கை நான் விளக்கத் தேவையில்லை. ஸ்காபரோவிலும் ஹரோவிலும் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனைய மட்டும் மண்ணெண்ணெய், மெல்லிய திரி ஒன்று. சுடர் போத்தலுக்குள்ளேயே நின்று எரியும். காற்று அணைக்காது, எண்ணெயும் அதிகம் குடிக்காது. பற்றரிக்கும் தடை. ஆகவே இரவில் பி.பி.சி. தமிழோசை கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும்.

டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி கேட்பது நேரோட்டம். ஒன்றை மற்றதாக்க, பழுதாய்ப்போன வானொலிப் பெட்டிகளில் கழற்றிய நாலு இருவாயியும் ஒரு கொள்ளளவியும் இருந்தால் காரியம் முடிந்தது. பௌதிகவியல் சேர் முழு அலைச் சீராக்கத்தைக் கரும்பலகையில் வரையத் தொடங்கிய அன்று, பின்வாங்கில் பாதிப்பேர் அதை ஏற்கனவே வீட்டில் ஒட்டி முடித்திருந்தார்கள். "அப்ப நீங்களே வந்து படிப்பியுங்கோவன்" என்று வெண்கட்டியை நீட்டினார். கோபமில்லை, அவருக்கு அன்றைக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. அந்த இருவாயிகள் குறைகடத்தியால், அதாவது மின்னை அரைகுறையாய்க் கடத்தும் பொருளால், ஆனவை. அதனோடு எனக்கு ஏற்பட்ட முதல் உறவு அதுதான். சிலிக்கன், ஜேர்மானியம், பி–என் சந்தி எல்லாம் அதன் பிறகு பாடத்தில் வந்தன.

இரசாயனவியல் பாடத்தில் பிளாஸ்திக்குகள் எல்லாம் மின்னைக் கடத்தாத காவலிகள் என்று குறிப்பெழுதினோம். பரீட்சைக்கு அதுதான் சரியான விடை. ஆனால் நாங்கள் அதை எழுதும்போது அந்த விடைக்கு வயது போய்விட்டிருந்தது. டோக்கியோவில் ஹிடெக்கி ஷிரகாவா வேலைசெய்த ஆய்வுகூடத்தில் அறுபதுகளின் பிற்பகுதியில் ஊக்கியை ஆயிரம் மடங்கு கூடப் போட்டுவிட்டார்கள். கரிய தூளாக வரவேண்டிய பொலி அசற்றலீன் என்ற பிளாஸ்திக் வெள்ளிபோல் மினுங்கும் படலமாய் வந்தது. நியூசிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராயிருந்த அலன் மக்டயமிட், டோக்கியோவில் ஒரு கருத்தரங்கின் கோப்பி இடைவேளையில் இதைக் கேள்விப்பட்டு, ஷிரகாவாவைப் பென்சில்வேனியாவுக்கு அழைத்தார். அங்கே பௌதிகவியலாளர் அலன் ஹீகரும் சேர்ந்துகொண்டார். 1977இல் அந்தப் படலத்தில் அயடீன் ஆவியைப் பட விட்டார்கள். கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு ஏறியது. மூவருக்கும் 2000ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் சேரில் குறையில்லை. ஊசியும் நூலும் வராத ஊருக்கு ஆய்விதழ் எங்கிருந்து வரும்?

நோபல் சூடு ஆறுமுன் நான் லண்டனில் ஆராய்ச்சி மாணவனாய்ச் சேர்ந்தேன். சூரியக் கலம் என்று கேட்டதும் ஊரில் மின்சாரமில்லாத கூரைகள் நினைவுக்கு வந்தன என்று எழுதினால் மலருக்கு அழகாயிருக்கும். உண்மையில் அந்தத் துறையில்தான் புலமைப்பரிசில் இருந்தது.

வேலை இப்படி. கைவிரலளவு கண்ணாடித் துண்டு. அதன்மேல் இண்டியம் தகர ஒட்சைட்டுப் பூச்சு, ஒளியும் புகும், மின்னும் ஓடும். அதைச் சவர்க்காரத்தில், அசற்றோனில், அற்ககோலில் மாறி மாறிக் கழுவுவோம். முதலில் பெடொட் என்ற மின் கடத்தும் பிளாஸ்திக்கின் கடும் நீலத் திரவத்தைச் சொட்டிக் கண்ணாடியைச் சுழல விட்டால் கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் ஒரு படை மிஞ்சும். அந்தக் காலப் புகைப்படச் சுருள்களில் நிலைமின் பொறி பறக்காமலிருக்க ஆக்ஃபா கம்பனிக்காரர் பூசியதும் இதே பெடொட்தான். அடுத்தது எங்கள் பல்பகுதியம், அதாவது ஒளியை உறிஞ்சும் பிளாஸ்திக், பி3எச்டி. குளோரோபென்சீனில் கரைந்திருக்கும்போது செம்மஞ்சள். சுழல்கிற கண்ணாடியில் கரைப்பான் பறக்கப் பறக்க, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதாவுக்குத் திரும்பும். பிறகு நைதரசன் நிரப்பிய பெட்டிக்குள் தடித்த இறப்பர்க் கையுறை வழியாகக் கையை நுழைத்து, வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய விட வேண்டும். இவ்வளவு பாடும் சில சதுர மில்லிமீற்றர்க் கலத்துக்கு. அதிலே மூன்று வீதம் வினைத்திறன் வந்தால், அதாவது பட்ட ஒளியில் நூறில் மூன்று பங்கு மின்னானால், அன்றைக்கு எல்லோருக்கும் கோப்பி என் செலவு.

ஏன் மூன்று? சிலிக்கன் அப்போதே இருபதைத் தாண்டியிருந்ததே?

சிலிக்கனில் ஒளி பட்டதும் இலத்திரனும் துளையும் (இலத்திரன் விட்டுப்போன வெற்றிடம்) அறை வெப்பத்திலேயே பிரிந்து தத்தம் வழி போய்விடும். பல்பகுதியத்தில் அவை ஒன்றையொன்று விடா. சோடியாகவே அலைந்து, 10 நனோமீற்றர் அளவு தூரம் போவதற்குள் மீண்டும் சேர்ந்து அழிந்துவிடும். இரண்டையும் பிரிக்க, இலத்திரனை இழுத்தெடுக்கும் இன்னொரு பொருள் பக்கத்தில் இருக்க வேண்டும். 1986இல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங் இரண்டு சேதனப் படைகளை ஒன்றின்மேல் ஒன்றாய் வைத்து ஒரு வீதம் எடுத்தார். ஆனால் ஒளியைப் போதிய அளவு உறிஞ்ச 100 நனோமீற்றர்த் தடிப்பாவது வேண்டும். சோடி தாண்டக்கூடியது அதில் பத்தில் ஒன்று. இரண்டு படையும் தொடும் எல்லைக்கு எட்டத்தில் பிறந்தவை எல்லாம் வீண்.

1995இல் ஹீகரின் சன்டா பார்பரா குழுவும் கேம்பிறிட்ஜ் குழுவும் படை வைப்பதை விட்டுவிட்டு இரண்டு பொருளையும் ஒன்றாய்க் கலந்தார்கள். எள்ளும் பச்சரிசியும் கலந்தாற்போல் இருக்க வேண்டும். ஒன்றோடொன்று கரைந்தே போனால், பிரிந்த இலத்திரனுக்கு வெளியே போகப் பாதை இருக்காது. பெரிய பெரிய கட்டிகளாய் ஒதுங்கினால், சோடி எல்லையைத் தொடுமுன் அழிந்துவிடும். 2001இல் ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரத்துக் குழு ஒரே பல்பகுதியத்தை, இலத்திரனை இழுக்கும் ஒரே புலரீன் (பந்துபோன்ற காபன் மூலக்கூறு) சேர்வையோடு, தொலுயீனுக்குப் பதில் குளோரோபென்சீனில் கரைத்துப் பூசியது. வினைத்திறன் 0.9 வீதத்திலிருந்து 2.5க்கு ஏறியது. மூலக்கூறு ஒன்றுகூட மாறவில்லை! தொலுயீனில் புலரீன் கட்டிபட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

என் ஆய்வு முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்: படலம் உலரும் அந்தச் சில விநாடிகளில் உள்ளே என்ன நடக்கிறது? புது மூலக்கூறு கட்டுகிறவர்களுக்குப் பெயரும் அட்டைப்படமும் கிடைக்கும். கலத்தின் தலையெழுத்தோ கரைப்பான் பறக்கிற வேகத்திலும், பிறகு 140 பாகையில் எவ்வளவு நேரம் சூடாக்குகிறோம் என்பதிலும் இருக்கிறது என்பது என் கட்சி. கருத்தரங்குகளில் இதற்காக வாய்ச்சண்டை பிடித்திருக்கிறேன்.

இனிக் கூரை. ஹீகரும் சேர்ந்து தொடங்கிய கொனார்க்கா என்ற நிறுவனம் பத்திரிகை அச்சிடுவதுபோல் பிளாஸ்திக் சுருளில் கலம் அச்சிட்டது. 2012இல் வங்குரோத்தானது. அந்த வருடங்களில் சிலிக்கன் பலகையின் விலை அடிமட்டத்துக்கு விழுந்ததை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. மலிவு என்பதுதான் எங்கள் ஒரே வாதம். அதையும் சிலிக்கன் பறித்துக்கொண்டது. போதாக்குறைக்கு ஒட்சிசனும் நீராவியும் எங்கள் கலத்துக்கு ஆகாது. ஒரு சிலிக்கன் பலகை 25 வருடம் கூரையில் கிடக்கும். மாரி மழையையும் கடற்காற்றையும் தாங்கி அத்தனை வருடம் எங்கள் கலம் நிற்கும் என்று நான் கையெழுத்து வைக்க மாட்டேன். ஆகவே தம்பிமாரே, யாழ்ப்பாணத்து வீட்டுக்கு இன்றைக்கே சிலிக்கனைப் போடுங்கள். என்னைக் காத்திருக்க வேண்டாம்.

அதற்காகத் துறை படுத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2019இல் சீனாவின் சாங்ஷா நகரத்து வேதியியலாளர் சோ யிங்பிங்கின் குழு புலரீனைக் கைவிட்டு இலத்திரனை இழுக்கும் வை6 என்ற புது ஏற்பியைக் கொண்டுவந்தது. 15.7 வீதம். இப்போது ஆய்வுகூடக் கலங்கள் 19ஐயும் கடந்துவிட்டன. ஒளி ஊடுருவும் யன்னற் கண்ணாடி, அறை விளக்கின் வெளிச்சத்திலேயே ஓடும் சின்ன உணரிகள், பச்சைவீட்டுக் கூரை என்று சிலிக்கன் போக முடியாத இடங்கள் இருக்கின்றன. உங்கள் சட்டைப் பையிலுள்ள தொலைபேசியின் ஓலெட் திரையும் காபன் குறைகடத்திதான். ஒளி வாங்கி மின் தருவதற்குப் பதில் மின் வாங்கி ஒளி தருகிறது.

யாழ் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையிலும் சூரியக் கல ஆய்வு நடக்கிறது, நோர்வேப் பல்கலைக்கழகமொன்றின் கூட்டோடு. எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் அந்த வாசலுக்குப் போகுமுன் ஒரு கலத்தைத் தங்கள் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்குக் கையுறைப் பெட்டியும் வேண்டாம், வெற்றிடமும் வேண்டாம். 1991இல் மைக்கல் கிரட்சலும் பிறையன் ஓரீகனும் செய்த சாயக் கலம் போதும். தைத்தானியம் ஈரொட்சைட்டைப் பசையாக்கிக் கடத்தும் கண்ணாடியில் பூசிச் சுட வேண்டும். சாயத்துக்கு நாவற்பழச் சாறு. மற்றக் கண்ணாடியில் பென்சில் கரி, இடையில் அயடீன் கரைசல். முற்றத்து வெயிலில் பிடித்தால் பல்மானி அரை வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டும்.

பழம் ஊரில் இருக்கிறது. அயடீன் ஆய்வுகூட அலுமாரியில் இருக்கும். இல்லாதது கடத்தும் கண்ணாடி மட்டும். ஒரு வகுப்புக்குப் போதிய அளவை நான் அனுப்புகிறேன், மற்ற வகுப்புகளுக்குச் சங்கம் அனுப்பட்டும். கல்லூரி வாயில் வளைவுக்கென்று சங்கம் சேர்த்த காசில் சிறு பகுதியே போதும். பொருளாளர் மனம் வைத்தால் நாவற்பழக் காலத்துக்குமுன் பெட்டி போய்ச் சேர்ந்துவிடும். வளைவை அடுத்த வருடம் கட்டலாம்.