பன்னிரண்டு சதவீதத்தில் மாட்டிக்கொண்டேன்

மும்பையில் மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படித்தபோது, வாய்மொழித் தேர்வில் ஒரு ரத்த அறிக்கையைக் கையில் கொடுத்தார்கள். கடுமையான வைரஸ் நிமோனியா. மைக்ரோலிட்டருக்கு மொத்த வெள்ளணுக்கள் 4,000. அந்த வெள்ளணுக்களின் வகைகளில் நியூட்ரோபில் 84 சதவீதம், லிம்போசைட் 12, மோனோசைட் 4. “நியூட்ரோபில் அதிகம், லிம்போசைட் குறைவு” என்றேன். “எத்தனை?” என்றார் தேர்வாளர். அதே 84, 12ஐ மறுபடி ஒப்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என் வயிறு கலங்கியது.

அன்று மாலை, தாராவியில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஆய்வக அக்கா, பஜ்ஜி மடித்த காகிதத்தில் கணக்குப் போட்டார். 4,000இல் 12 சதவீதம் 480. பெரியவர்களுக்கு 1,000க்குக் கீழே போனாலே குறைவு. 84 சதவீதமோ 3,360தான், இயல்பான அளவு! மொத்தம் 15,000 என்றால் அதே 12 சதவீதம் 1,800 ஆகிவிடும், குறைவே இல்லை. “மாப்பிள்ளை வீட்டார் திரண்டு வந்துவிட்டால் நம் ஆட்கள் குறைந்துபோனார்கள் என்றா அர்த்தம், தம்பி?” என்று சிரித்தார். நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்தால் வரும் விகிதம், மொத்தம் 4,000 ஆனாலும் 15,000 ஆனாலும், 7தான். கோவிட் காலத்தில் நோயின் கடுமையைக் கணிக்க எல்லோரும் பிடித்துக்கொண்ட விகிதம் அது. அதையும் தனியாகச் சொல்லாதீர்கள்.

எண்ணைச் சொன்னதும் ‘ஏன்’ என்று கேட்பார்கள். லிம்போசைட்டுகளில் சில நுரையீரலுக்கு இடம்பெயர்கின்றன, பல மடிகின்றன. நோய் முற்றும்போது எலும்பு மஜ்ஜை நியூட்ரோபில்களை, முதிராதவற்றையும் சேர்த்து, வெளியே தள்ளுகிறது. அவை தம் டிஎன்ஏவையே வலையாக வீசும் என்பது 2004இல்தான் விவரிக்கப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கிருமியைப் பிடிக்க வீசிய வலை அளவு மீறினால் நுரையீரலின் நுண்குழாய்களைப் புண்ணாக்கும், ரத்தம் உறையவும் துணைபோகும்.

டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். 2020இல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வுக்குப் பிறகு, ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளுக்கு அது வழக்கமானது. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோபில்களை அது ரத்த ஓட்டத்தில் இறக்கிவிடும், லிம்போசைட்டைக் குறைக்கும். அப்போது அறிக்கையில் தெரிவது நோயா மருந்தா என்று யோசிக்க வேண்டும்.

மறுதேர்வில் வந்த அறிக்கையில் மொத்த எண்ணிக்கை வரி மேல் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள். முதலில் அதைக் கேட்டு வாங்கினேன்.