லேபிள் இல்லாத தோட்டாப் பெட்டி

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் என் வேலையில் பாதி, முதல் குண்டு வெடிப்பதற்கு முன்பே முடிந்துவிடும். வருகிறவர்களின் தோட்டாப் பெட்டிகளைத் திறந்து பார்ப்பதுதான் அந்தப் பாதி. தொழிற்சாலைப் பெட்டி என்றால் ஒரு பார்வை போதும். காலிபர் (குழல் விட்டத்தின் அளவு), குண்டின் எடை, லாட் எண் எல்லாம் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். வீட்டில் கையால் நிரப்பிய தோட்டாக்களிடம்தான் நேரம் போகும். இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் மிகக் கவனமானவர்கள். வெடிமருந்தை ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுத்துப் போடுவார்கள்; ஒரு கிரெயினே 0.065 கிராம்தான். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி, மேலே "புதுசு" என்று எழுதிக்கொண்டு வருவார்கள்.

எப்போது புதுசு? எதைவிடப் புதுசு?

மூடிய தோட்டாவை வெளியிலிருந்து பார்த்து, உள்ளே எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. குலுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பவர்களை நான் நம்புவதில்லை. மருந்தும் குண்டும் அடைத்திருக்கும் உலோகக் கூட்டின் அடியில் எழுத்து பொறித்திருக்கிறதே என்பார்கள். அது கூடு தொழிற்சாலையில் பிறந்தபோது போட்ட எழுத்து. .300 பிளாக்அவுட் என்ற பெரிய காலிபர் தோட்டாவுக்கு, அதைவிடச் சிறிய .223 காலிபரின் கூட்டை வெட்டிக் குறுக்கிப் பயன்படுத்துவது இப்படிக் கையால் நிரப்புகிறவர்களிடம் சகஜம். அடியில் பழைய எழுத்து அப்படியே இருக்கும். அந்தத் தோட்டாவைத் தவறி .223 துப்பாக்கியில் போட்டால், சில வகைக் குண்டுகளோடு குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட் மூடிக்கொள்ளவும் செய்யும். 0.224 அங்குலக் குழலுக்குள் 0.308 அங்குலக் குண்டு போக முடியாது. அழுத்தம் பின்னால் சுடுகிறவரின் முகத்தை நோக்கித்தான் வரும். ஷாட்கன் தோட்டாக்களில் 20 கேஜை (கேஜ் எண் கூடினால் குழல் சிறியது) மஞ்சள் நிறத்தில் செய்வதும் இப்படி ஒரு பயத்தால்தான். அது 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் ஒரு 12 கேஜைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும்.

ஆகவே நான் கேட்பது நீளமான லேபிள். காலிபர், குண்டின் எடையும் தயாரிப்பும், மருந்தின் பெயர், எத்தனை கிரெயின், எந்த பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), கூட்டை நிரப்புவது எத்தனையாவது முறை, தோட்டாவின் மொத்த நீளம், தேதி, எந்தத் துப்பாக்கிக்குச் செய்தது. எல்லாரும் விட்டுவிடுவது கடைசியில் சொன்னதைத்தான். ஒரே காலிபரில் இரண்டு ரைஃபிள் இருந்தாலும், குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் வரிகள் தொடங்கும் இடம் இரண்டிலும் ஒன்றாக இருக்காது. ஒன்றில் சாதுவாகப் போகும் தோட்டா, இன்னொன்றில் குண்டு வரியில் முட்டி நிற்க, அழுத்தத்தை ஏற்றிவிடும்.

மருந்தின் பெயரைச் சுருக்கக் கூடாது. "4350" என்று மட்டும் எழுதுகிறார்கள். எச்4350, ஐஎம்ஆர் 4350, அக்யூரேட் 4350 மூன்றும் வேறு வேறு மருந்துகள், அளவுகளும் வேறு. மறுபக்கம், எச்பி-38, வின்செஸ்டர் 231 என இரண்டு பெயரில் விற்பது ஒரே மருந்து. இதைவிட மோசம் நிறக் குறியீடு. அளவைச் சிறிது சிறிதாக ஏற்றிச் சோதிக்கும்போது கூட்டின் அடியில் சிவப்பு, நீலம், பச்சை என மார்க்கரில் கோடு போட்டுக்கொள்வது நல்ல வழக்கம்தான். ஆனால் எந்த நிறம் எந்த அளவு என்பது செய்தவர் தலைக்குள் மட்டும் இருக்கும்.

செய்தவர் இல்லாமல் போனால்? ஒருமுறை ஒரு பையன் அட்டைப்பெட்டி நிறையக் கொண்டுவந்தான். "அப்பா பண்ணது சார். சுடலாமா, தூக்கிப் போட்டுடலாமா?" என்றான். இரண்டும் கூடாது தம்பி என்றேன். சில பெட்டிகளில் பென்சிலால் எல்லா விவரமும் அழகாக இருந்தது. மற்றவற்றில் வெறும் எண். அந்த எண்ணுக்கு விளக்கம் இருந்த நோட்டுப் புத்தகம் கிடைக்கவில்லை. லேபிள் இருந்தாலும் இன்னொருவர் நிரப்பியதைச் சுடுவதில்லை என்பது என் கொள்கை. ஆனால் லேபிள் இருந்த பெட்டிகளைப் பிரித்தபோது கூடும் குண்டும் எதற்கு உதவும் என்று தெரிந்தது. மற்றவை பிரித்த பிறகும் புதிராகவே இருந்தன. மருந்து எதையும் மீண்டும் பயன்படுத்த விடவில்லை.

என்னை நிஜமாகவே பயமுறுத்தியது அவன் கைபேசியில் காட்டிய படம். அலமாரியில் ஒரு கண்ணாடிச் சீசா, அதில் கொட்டி வைத்த பிரைமர்கள். அவை விற்கும் பெட்டியில் ஒவ்வொன்றும் தனிக் குழியில் இருப்பது, ஒன்று வெடித்தால் மற்றதைத் தொடக்கூடாது என்பதற்காக. சீசாவில் குவித்தால் அது மொத்தமாக வெடிக்கும் பொருள். நகர்த்தாதே, வெடிபொருள் அகற்றுகிறவர்களைக் கூப்பிடு என்று சொல்லி அனுப்பினேன்.

மருந்தும் அப்படித்தான், வாங்கிய டப்பாவிலேயே இருக்க வேண்டும். தீப்பிடித்தால் பிளந்து அழுத்தத்தை வெளியே விடும்படி அந்த டப்பாவைச் செய்திருக்கிறார்கள். இரும்புப் பெட்டகத்தில் இறுக்கிப் பூட்டினால் எரிய வேண்டியது வெடிக்கும். டப்பா மாற்றிய மருந்துக்குப் பெயரும் போய்விடும். புகையில்லா மருந்து நைட்ரோசெல்லுலோஸ்; அது கெடாமலிருக்கச் சேர்த்திருக்கும் நிலைப்படுத்தி சூட்டில் சீக்கிரம் தீரும். பிறகு புளித்த நெடி, செம்பழுப்புத் தூள். அந்த நிலையில் அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தோட்டாக்களுக்குக் குளிர்ச்சி, ஈரமின்மை, பூட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடம் போதும். வெயிலில் நிற்கும் கார் வேண்டாம்.

வெப்பத்தில் அச்சாகும் ரசீதுத் தாளில் லேபிள் அடித்தால் கொஞ்ச காலத்தில் வெளிறிவிடும். பென்சில் வெளிறாது. எங்கே ஒட்டுவது என்பதில்தான் உறுப்பினர்களோடு எனக்கு ஓயாத வாக்குவாதம். மூடியில் ஒட்டுவதே எல்லாருக்கும் பிடிக்கிறது. ரேஞ்ச் மேசையில் ஒரே நிறத்தில் நாலு பெட்டி திறந்து கிடக்கும்போது மூடிகள் சுலபமாக இடம் மாறும். லேபிள் பெட்டியின் உடம்பில் இருக்கட்டும், அதே விவரத்தோடு ஒரு சீட்டு உள்ளேயும் இருக்கட்டும் என்கிறேன். இரண்டும் ஒத்துப்போகாத பெட்டி அன்றைக்குத் திரும்பி வீட்டுக்குத்தான் போகும். எவ்வளவு முனகினாலும் சரி.