அஞ்சு மணி நேரத் தூக்கம் யாருக்கும் பழகாது

“அஞ்சு மணி நேரம் தூங்கினா எனக்குப் போதும், பழகிடுச்சு.” இப்படிச் சொல்கிற ஒருவர் அநேகமாக எல்லா வீட்டிலும் இருப்பார். எங்கள் குடும்பத்தில் சித்தப்பா மகன். டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு, பார்ட்டி கோயிலுக்குள் போயிருக்கும் நேரத்தில் சீட்டைச் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் கண்ணயர்வான், அவ்வளவுதான், அவர்கள் வந்ததும் அடுத்த ஊர்.

அவன் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறான். பயமே அதுதான். 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆரோக்கியமானவர்களை 14 நாள் ஆறு மணி நேரமோ நாலு மணி நேரமோ மட்டும் படுக்க விட்டு, திரையில் எண் தெரிந்ததும் பட்டனை அழுத்தச் சொல்லிச் சோதித்தார்கள். நாளுக்கு நாள் கவனம் சரிந்துகொண்டே போனது, கடைசியில் ஆறு மணி நேரம் தூங்கியவர்களே ஒரு ராத்திரி முழுக்கக் கண்விழித்தவர்கள் அளவுக்குத் தடுமாறினார்கள். ஆனால் “தூக்கம் வருகிறதா?” என்று கேட்டால், சில நாட்களுக்குப் பிறகு பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றே சொன்னார்கள். உடம்பு பழகவில்லை, சோர்வை உணர்வதுதான் மழுங்கிப்போயிருக்கிறது.

தூக்கம் போதாதவருக்குக் கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடி தூங்கிவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் மூணு நொடி என்றால் வண்டி கிட்டத்தட்ட 67 மீட்டர் தானாக ஓடியிருக்கும்.

விபத்தில் சிக்காதவர்களையும் இது விடுவதில்லை. 1999-ல் சிகாகோவில் 11 இளைஞர்களை ஆறு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். அத்தனை பேரும் திடகாத்திரமானவர்கள், அப்படியும் ரத்தத்தில் ஏறிய சர்க்கரையைக் கையாளும் திறன் நன்றாகவே குறைந்துவிட்டது. நம் ஊரில் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு சர்க்கரை. போதாக்குறைக்கு, தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்பும் ஹார்மோன் கூடும், போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறையும். விடிகாலை மூணு மணிக்குப் பரோட்டா சால்னா அத்தனை ருசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தூக்கம் குறைந்தால் ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது.

நெடுஞ்சாலையில் போலீஸ்காரர்கள் நள்ளிரவில் வண்டியை நிறுத்தி, முகம் கழுவச் சொல்லி டீ கொடுத்து அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல மனசுதான், ஆனால் டீ தூக்கத்தைக் கொஞ்ச நேரம் மறைத்து வைக்குமே தவிரத் தீர்க்காது. ஓரமாக நிறுத்தி இருபது நிமிஷம் தூங்குவது அதைவிட மேல், அதுவும் அப்போதைக்குத்தான்.

அதனால் வேன் பிடிக்கிறவர்களிடம் நேராகவே கேட்கிறேன். சென்னையில் ராத்திரி கிளம்பி, மறுநாளே ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் முடித்து, அன்று ராத்திரியே திரும்ப வேண்டும் என்று திட்டம் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு டிரைவர் கேளுங்கள், கூடுதல் பேட்டாவைக் கொடுங்கள். லாட்ஜில் உங்களுக்கு ரூம் போடும்போது டிரைவருக்கும் ஃபேனோடு ஒரு கட்டில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள்.