கறுப்புத் திரையில் கருநீலம்

நேற்று முன்தினம் ராத்திரி சர்வரில் ஒரு கான்ஃபிக் ஃபைலை, அதாவது அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைலை, விம் என்ற எடிட்டரில் திறந்தேன். நடுவில் ஐந்து வரி காலி. யாரோ எண்டர் பட்டனில் கை வைத்தபடியே தூங்கிவிட்டார் போல என்று நினைத்து அத்தனையையும் அழித்தேன். சும்மா இருந்த கை, அதற்குக் கீழே இருந்த டைம்அவுட் எண்ணையும் (எத்தனை நேரம் காத்திருக்கலாம் என்பது) போகிற போக்கில் பாதியாகக் குறைத்தது. பத்தாவது நிமிடம் போன்.

அந்த ஐந்து வரியும் காலி இல்லையாம். 'கீழே உள்ள எண்ணைத் தயவுசெய்து குறைக்காதீர்கள்' என்று தொடங்கும் கமென்ட், அதாவது மனிதர்கள் படிக்க மட்டும் எழுதும் குறிப்பு. கறுப்புத் திரையில் கருநீல எழுத்து. எழுதிய புண்ணியவான் நான்தான்.

இதில் விம் மீது குற்றமில்லை. அது நீலம் என்று எதையும் அனுப்புவதில்லை, வெறுமனே 4 என்ற எண்ணை அனுப்புகிறது. 4 என்றால் எந்த நீலம் என்பது, விம் ஓடும் எழுத்து ஜன்னலான டெர்மினலின் இஷ்டம். ஒன்றுக்கு அது வானம், இன்னொன்றுக்கு மைப்புட்டி. போதாக்குறைக்குப் பின்னணி வெள்ளையா கறுப்பா என்று விம்முக்கு ஒரு ஊகம் உண்டு. கறுப்பு என்று தெரிந்தால் கமென்டைப் பளிச்சென்று காட்டும். வெள்ளை என்று நினைத்துவிட்டால் கருநீலம். என் சர்வர் ஆரம்பத்திலிருந்தே வெள்ளைப் பின்னணியில் வாழ்வதாக நம்பிக்கொண்டிருக்கிறது.

சரி, இன்றைக்கு இதை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்த தோரணையைப் பார்த்ததுமே தங்கமணி வெளியே கிளம்பிவிட்டாள். அனுபவஸ்தி.

முதலில் ஆசை பெரிதாக இருந்தது. ட்ரூகலர், அதாவது 1,67,77,216 நிறம். போட்டேன், மேசைக் கணினியில் மயில் தோகை. ஒரே டெர்மினலைப் பலவாகப் பிரித்துத் தரும் டிமக்ஸுக்குள் நுழைந்து திறந்தால் மொத்தமும் கறுப்பு வெள்ளை. அதற்கென்று இரண்டு வரி மந்திரம் தேடிச் சேர்த்தேன். அப்புறம் சர்வர். தூரத்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் என்பது, டெர்மினலின் வகையைச் சொல்லும் டெர்ம் மாறியை மட்டும் கையைப் பிடித்து அழைத்துப் போகும். ட்ரூகலர் உண்டு என்று சொல்லும் கலர்டெர்ம் மாறியை நாமாகச் சொல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போகும். அதையும் சரிசெய்து, ரூட் என்ற நிர்வாகியின் அதிகாரத்தைத் தரும் சுடோ போட்டு அதே ஃபைலைத் திறந்தால் பழையபடி கருநீலம். அங்கே விம் படிப்பது ரூட்டின் விம்ஆர்சியை, அதாவது ரூட்டின் விம் அமைப்பு ஃபைலை. ரூட்டுக்கு ரசனையே கிடையாது.

மத்தியானத்துக்குள் 1.67 கோடி நிறத்திலிருந்து 256 நிறத்துக்கு இறங்கி வந்திருந்தேன். அதில் முதல் 16-ஐ டெர்மினல் தன் இஷ்டத்துக்கு மாற்றும், நம்ப முடியாது. அடுத்து 216 நிறம். கடைசியில் 24 சாம்பல். எனக்கு வேண்டியது ஒரே ஒரு சாம்பல். 245-ஆம் எண்ணை எடுத்தேன். சிவப்பு 138, பச்சை 138, நீலம் 138, யாருக்கும் பாரபட்சம் இல்லை. ரூட்டின் விம்ஆர்சியிலும் அதையே எழுதி வைத்தேன்.

மூன்று கணினிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதே ஃபைலைத் திறந்தேன். மேசைக் கணினியில் சாம்பல். ஆபீஸ் லேப்டாப்பில் சாம்பல். என் லேப்டாப்பில் களிமண்.

டெர்மினலை மாற்றினேன், களிமண். விம்மையே கழற்றி மாட்டினேன், களிமண். ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேசைக் கணினிக்கு அனுப்பினால் அங்கே உத்தமமான சாம்பல்! அதே படத்தை இங்கே திறந்தால் களிமண். எனக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்றே முடிவு கட்டிவிட்டேன். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கமணி திரும்பி வந்தாள்.

"அதுல நைட் லைட் ஆன்ல இருக்கு. கண்ணுக்கு இதமா திரையை மஞ்சளாக்குமே, அது."

"யார் போட்டது?"

"நான்தான், போன புதன்கிழமை. கண் எரியுதுன்னு ராத்திரி பூரா கசக்கிட்டே இருந்தீங்களே. ராத்திரி மட்டும்னு வெச்சா நீங்க பகல்லயும்தான் கசக்கறீங்க, அதான் நாள் பூரா இருக்கட்டும்னு வெச்சுட்டேன். ஏன், நல்லா இல்லையா?"

மற்ற இரண்டு கணினிகளிலும் நைட் லைட்டைப் போட்டேன். இப்போது மூன்றும் ஒரே நிறம்.