எஞ்சினில் கை வைக்கக்கூடாது

கொடுக்கப்பட்ட எஞ்சினில் ஒரு திருகைக்கூட மாற்றக்கூடாது என்பதுதான் அந்தப் போட்டியின் முதல் விதி. ஆட்டோமேஷன் என்ற கார் வடிவமைப்புக் கணினி விளையாட்டில் சில ஆண்டுகளாக மூழ்கிக் கிடப்பவன் என்ற முறையில், அதைப் படித்ததும் எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. சாம்பாரை வேறு யாரோ வைத்துக் கொடுத்துவிட்டு, இட்லியை மட்டும் நீ அவித்துக்கொள் என்று சொன்னது போலிருந்தது.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்குச் சிறு விளக்கம் தேவை. காம்ஷாஃப்ட் சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி, 2015 முதல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் கிடைத்துவரும் இதில், 1946 தொடங்கிப் பல பதிற்றாண்டுகளின் கார்களை நாமே வடிவமைக்கலாம். சிலிண்டரின் விட்டம், பிஸ்டன் ஓடும் நீளம், அழுத்த விகிதம், கேம்ஷாஃப்டின் தன்மை, கார்புரேட்டரா இன்ஜெக்ஷனா என்பது வரை ஒவ்வொன்றையும் தீர்மானித்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், முறுக்குவிசையும் குதிரைத்திறனும் திரையில் இரண்டு வளைகோடுகளாக எழும்பும். அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இரவைக் கழிப்பவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன். எங்களுக்கெல்லாம் கார் என்பது எஞ்சினைச் சுமந்து செல்லும் ஒரு தள்ளுவண்டிதான்.

இதை விளையாடுபவர்களிடையே நடக்கும் வழக்கமான போட்டிகளில், நடத்துபவர் ஓர் ஆண்டையும் விலை வரம்பையும் கற்பனையான ஒரு வாடிக்கையாளரையும் அறிவிப்பார். பங்கேற்பவர்கள் தங்கள் காரின் கோப்பை அனுப்பிவைப்பார்கள். எந்த எண்ணை எத்தனை இம்மி நகர்த்தினால் நம்பகத்தன்மை கூடும், எங்கே தயாரிப்புச் செலவு குறையும் என்பதெல்லாம் பழைய ஆட்டக்காரர்களுக்கு மனப்பாடம் என்பதால், காரின் உடலை வரையத் தொடங்கும் முன்பே அவர்கள் பாதித் தூரம் ஓடிவிட்டிருப்பார்கள். எஞ்சினைப் பூட்டிக் கொடுத்தால் அந்த முன்னிலை இல்லாமற்போகிறது. நேற்று வாங்கி இன்று விளையாட வந்தவரும் அதே கோட்டில் நிற்கிறார்.

இம்முறை கேட்கப்பட்டது 1985ஆம் ஆண்டின் சிறிய குடும்பக் கார். வாங்கப்போகிறவர்கள், மலைச்சரிவில் உள்ள சிறு நகரமொன்றில் வசிக்கும், இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு தம்பதியர். கொடுக்கப்பட்ட எஞ்சின்கள் நான்கு: 50 குதிரைத்திறன் கொண்ட 1.1 லிட்டர், 66 கொண்ட 1.3 லிட்டர், இன்ஜெக்ஷனுடன் 90 கொண்ட 1.6 லிட்டர், டர்போ பொருத்திய 105 குதிரைத்திறன் கொண்ட 1.4 லிட்டர். நான் யோசிக்காமல் டர்போவை எடுத்தேன் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையைப் போல, அந்த எஞ்சின் வந்த நாள் முதல் வீட்டையே தன் வசதிக்கு மாற்றச் சொன்னது. குறுக்குவாட்டில் வைத்துப் பார்த்தால், முன்சக்கரங்களுக்கு நான் ஆசைப்பட்ட டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் எஞ்சின் உள்ளேயே நுழையவில்லை. எனவே குறைந்த இடம் பிடிக்கும் மேக்ஃபர்சன் வகை சஸ்பென்ஷனுக்கு இறங்கினேன். நுழைந்த பிறகு முன்சக்கரங்கள் இரண்டும் பிடிப்பில்லாமல் சுழன்றதால் டயரை அகலமாக்கினேன். சூட்டைத் தணிக்க முன்பக்கத்தில் காற்று புகும் வழியைப் பெரிதாக்கினேன். வேகத்துக்கு ஈடாக பிரேக்கையும் பெரிதாக்கினேன். மூன்று இரவுகள் கழித்துப் பார்த்தபோது கார் நன்றாக ஓடியது, ஆனால் விலை வரம்பைத் தாண்டிப் போயிருந்தது. பராமரிப்புச் செலவைப் பார்த்தால் அந்தத் தம்பதியர் வீட்டை அடமானம் வைக்கவேண்டியிருக்கும். அழித்துவிட்டு 1.3 லிட்டருக்கு வந்தேன்.

எஞ்சின் கைவிட்டுப் போன பிறகுதான், இத்தனை நாளும் இரண்டு நிமிடத்தில் கடந்துபோன கியர்பாக்ஸ் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். ஐந்து கியர்களை வைத்து, உச்ச வேகத்தைத் தீர்மானிக்கும் நகர்த்துபட்டையை 185இல் விட்டிருந்தேன். சோதனைக் கோட்டைப் பார்த்தால், கார் நான்காவது கியரில் மணிக்கு 148 கிலோமீட்டரைத் தொடுகிறது. ஐந்தாவதுக்கு மாற்றியதும் இழுக்கத் திராணியில்லாமல் வேகம் இறங்குகிறது. அதாவது ஐந்தாவது கியர் பெயருக்குத்தான் இருந்தது. பட்டையை 152க்குக் குறைத்தேன். நின்ற நிலையிலிருந்து நூறைத் தொட 16.8 வினாடி எடுத்தது 15.2 ஆனது, ஆனால் எஞ்சின் எப்போதும் உயர்ந்த சுற்றில் ஓடியதால் எரிபொருள் கணக்கு கெட்டது. கடைசியில் 161இல் நிறுத்தி, கியர்களுக்கிடையிலான இடைவெளியைச் சற்று நெருக்கி, 80இலிருந்து 120க்கு முந்திச் செல்லும் நேரத்தைப் பார்த்துக்கொண்டே சரிசெய்தேன். எஞ்சின் அதேதான், ஆனால் இப்போது அது வேறோர் எஞ்சினைப் போல நடந்துகொண்டது.

இடையே ஒரு தவறும் நேர்ந்தது. உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று எஞ்சின் பக்கத்தைத் திறந்தவன், பழக்க தோஷத்தில் சைலன்சரின் வகையை மாற்றிவிட்டு, அதை மறந்தும்விட்டேன். அனுப்பிய கோப்பு மறுநாளே திரும்பி வந்தது. குதிரைத்திறன் ஒன்று கூடியிருக்கிறது என்று ஒரு வரிக் குறிப்பு. நல்லவேளையாக, கெடு முடிய இரண்டு நாள் மீதமிருந்தது.

இப்படி ஒரே எஞ்சினைச் சுற்றிப் பல கார்கள் பிறப்பது விளையாட்டில் மட்டும் நடப்பதல்ல. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின், 1248 சிசி கொள்ளளவோடு, மாருதி ஸ்விஃப்டிலும் ஃபியட் புன்டோவிலும் டாடா இண்டிகா விஸ்டாவிலும் செவர்லே செயிலிலும் ஓடியது. இந்தியாவின் தேசிய எஞ்சின் என்றே கார் பிரியர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஸ்விஃப்டையும் புன்டோவையும் அடுத்தடுத்து ஓட்டியவர்களுக்கு இரண்டும் ஒன்றல்ல என்பது முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். எடையும் கியர் விகிதமும் சஸ்பென்ஷனும் செய்கிற வேலை அது. தலைகீழான உதாரணமும் நம்மிடம் உண்டு: 1984இல் வந்த கான்டெஸா காரின் பெரிய உடலை இழுக்க, அம்பாசிடரில் இருந்த அதே 1.5 லிட்டர் எஞ்சினை வைத்தார்கள். அது திணறியது; பின்னர் இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்த பிறகே அந்தக் காருக்கு உயிர் வந்தது. கோயம்புத்தூரின் கார் பந்தய வீரர் கரிவரதன் 1980களின் பிற்பகுதியில் மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டியதும் ஏறக்குறைய இதே எண்ணத்தில்தான். எல்லோருக்கும் ஒரே சிறிய எஞ்சின் என்றானதும் செலவு குறைந்தது. பணத்தைவிட ஓட்டுநரின் கைக்கு மதிப்புக் கூடியது. செட்டிப்பாளையத்தில் அவர் பெயர் தாங்கிய பந்தயத் தடத்தைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். இங்கே அது கிளைக்கதை.

முடிவு வந்தபோது எனக்கு ஒன்பதாம் இடம். எடையைக் குறைப்பதற்காக இரண்டு பக்கக் கதவுகளோடு நிறுத்திக்கொண்டதுதான் என்னைக் கவிழ்த்தது. ஓட்டும் எளிமைக்கும் சிக்கனத்துக்கும் நல்ல மதிப்பெண் கொடுத்திருந்த நடுவர், ஒவ்வொரு நாள் காலையும் முன்னிருக்கையை மடித்துப் பள்ளிப் பையோடு இரண்டு பிள்ளைகளைப் பின்னால் ஏற்றும் தாயை இவர் ஒருமுறையாவது நினைத்துப் பார்த்தாரா என்று எழுதியிருந்தார். நினைக்கவில்லை, நான் நினைத்ததெல்லாம் 38 கிலோ மிச்சமானதைத்தான்.

முதலிடம் பெற்றவரும் அதே 1.3 லிட்டர் எஞ்சினைத்தான் எடுத்திருந்தார். அவருடைய கோப்பைத் திறந்து பார்த்தேன்: நான்கு கியர்கள்தான், நீண்ட நாள் உழைக்கும் கடினமான ஒல்லி டயர்கள், பின்னால் சாதாரண டார்ஷன் பீம் சஸ்பென்ஷன். இவற்றிலெல்லாம் மிச்சம் பிடித்த பணத்தை மொத்தமாக இருக்கைகளிலும் பாதுகாப்பிலும், பின்பக்கத்துக்கான இரண்டு கதவுகளிலும் கொட்டியிருந்தார். எனக்குத் தோன்றாத கணக்கு அது. இரண்டு கார்களையும் பீம்என்ஜி டிரைவ் என்ற கார் ஓட்டும் விளையாட்டுக்கு ஏற்றுமதி செய்து, அதிலுள்ள இத்தாலி வரைபடத்தின் ஒடுங்கிய மலைச்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டிலும் ஒரே உறுமல். என் கார் ஆறு வினாடி முன்னதாக மேலே போய்ச் சேர்ந்தது. அவருடையது பள்ளம் மேடுகளில் அலுங்காமல் நிதானமாக ஏறி வந்தது.

அடுத்த சுற்றுக்கு 1972ஆம் ஆண்டின் வேன் ஒன்றை அறிவித்திருக்கிறார்கள்; எஞ்சின்கள் இரண்டே. எதை எடுப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கதவுகளை மட்டும் வைத்துவிட்டேன்.