அண்ணாச்சியின் ஒயர்

மார்ச் 21, 2025, வெள்ளி. கோவில்பட்டி

கேபிள் அண்ணாச்சி வந்து இந்த மாதத்துக்கு 320 ரூபாய் வாங்கிப் போனார். அவர் பைக் தெரு முனை திரும்புவதற்குள் எனக்குள் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. வீட்டில் டிவி பார்ப்பது யார்? மகளுக்குப் போன் போதும். மனைவி சீரியலை மறுநாள்தான் பார்க்கிறாள், அதுவும் ஆப்பில், ஓட்டி ஓட்டி. நான் கிரிக்கெட். அப்பா எந்த விளையாட்டாக இருந்தாலும் பார்ப்பார். இந்த நாலு பேருக்கு இருநூறு சேனல் எதற்கு?

2019-இல் ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) புது முறை கொண்டுவந்தபோது, 'பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு கொடுங்கள்' என்றார்கள். ஆனால் பார்க்காத சேனல்களுக்கும் சேர்த்து அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153.40. அதற்கு மேல் கட்டணச் சேனல்கள். போன வருஷம் அந்த 130 என்ற உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். விளையாட்டுச் சேனலைத் தனியாக வாங்கலாம் என்பது விதியில் உண்டு. எங்கள் தெருவில் அப்படி வாங்கினவரை நான் கண்டதில்லை. எல்லாரும் 'பேக்'தான்.

இப்போது ஜியோவில் 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் ஜியோஹாட்ஸ்டார் ஆப் 90 நாள் இலவசம். நாளை ஐபிஎல் தொடங்குகிறது. இதைவிட நல்ல நேரம் வராது என்று அப்பாவிடம் சொன்னேன்.

"ஆக்கி வருமாடே?"

"வரும்ப்பா."

"நம்ம ஊரு ஆக்கி?"

"எல்லாம் வரும்ப்பா" என்றேன். யோசிக்காமல் சொன்னது.

மார்ச் 27, வியாழன்

டிவிக்கு நெட் வேண்டுமே. போனில் ஒரு கம்பெனிக்குப் பதிவு செய்தேன். மாதம் 399, வரியோடு 470.82. கேபிளைவிட 150 ரூபாய் அதிகம் என்று மனைவி நினைவூட்டினாள். எல்லாருடைய போன் ரீசார்ஜையும் சின்ன பிளானுக்கு மாற்றிவிடலாம் என்று பதில் வைத்திருந்தேன். அது இதுவரை நடக்கவில்லை, அது வேறு விஷயம்.

இன்று காலை இணைப்புக் கொடுக்க ஆள் வந்தது. ஏணி, தோளில் ஒயர்ச் சுருள், வாயில் ஒரு ஸ்குரூ டிரைவர். நிமிர்ந்து பார்த்தால் நம் கேபிள் அண்ணாச்சி.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் சிரித்தார். "கேபிள விட்டா என்ன தம்பி, ஒயரு நம்ம ஒயருதான். அந்தக் கம்பெனிக்கு இந்த ஊருல ஏது ஆளு? நாங்கதான் இழுத்துக் குடுக்கணும்."

ஜன்னல் சட்டத்தில் பழைய கேபிளுக்காகப் போட்ட அதே ஓட்டை. கறுப்புக் கோ-ஆக்ஸியலை உருவி எடுத்தார், அதே வழியாக மெல்லிசு ஃபைபரை விட்டார். தென்னை ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறது. மடக்கிவிடாதீர்கள், உள்ளே கண்ணாடி என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். செட்டாப் பாக்ஸை அவரே ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டார். காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

ஏப்ரல் 11, வெள்ளி

சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுடன் ஆட்டம். ருதுராஜுக்குக் காயம், மறுபடியும் தோனி கேப்டன். சென்னை 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103. கொல்கத்தா 10.1 ஓவரில் முடித்துவிட்டது. தொடர்ந்து ஐந்தாவது தோல்வி.

ஸ்ட்ரீமிங்கில் படம் அரை நிமிஷம் பிந்தி வருகிறது. கேபிள் வைத்திருக்கிற பக்கத்து வீட்டில் "ச்சே" என்று சத்தம் கேட்டால் இங்கே பவுலர் அப்போதுதான் ஓடிவர ஆரம்பிக்கிறார். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இன்று அப்பா அதையே வசதியாக்கிக்கொண்டார். பக்கத்து வீட்டில் சத்தம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறார். அவுட்டைப் பார்க்கவேண்டிய பாவம் இல்லை.

மே 24, சனி

ஐபிஎல் நடுவில் ஒரு வாரம் நின்று மறுபடி ஓடுகிறது. சென்னை கடைசி இடத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது வேறு. ராத்திரி எட்டு மணிக்கு அப்பா ரிமோட்டை வைத்துக்கொண்டு முழித்தார். "அண்ணாச்சி சேனல் எங்கடே இருக்கு?"

அண்ணாச்சி சேனல் என்றால், கேபிள்காரர்களே நடத்துகிற ஊர்ச் சேனல். கீழே நகைக்கடை விளம்பரம் ஓடும், செண்பகவல்லி அம்மன் தேரோட்டம் காட்டுவார்கள், கண்ணீர் அஞ்சலி வரும். கோடையில் ராத்திரி ஹாக்கி வரும். ஒரே கேமரா. கம்மென்ட்ரி கிடையாது, மைதான மைக்கில் யாராவது பேசுவது மட்டும் கேட்கும்.

வெளியூர்க்காரர்களுக்காக: இது கடலைமிட்டாய், தீப்பெட்டி ஊர் மட்டுமில்லை. ஹாக்கிபட்டி என்றே பேர் உண்டு. இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்ப் பையன். கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் விடிவதற்குள் மட்டையோடு சைக்கிளில் போவார்கள். அப்பா மில்லில் வேலை பார்த்த காலத்தில் மில் டீமுக்கு ரைட் பேக். மண் தரையில் ஆடியவர். வலது முழங்கால் சில்லில் பந்து பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது, தொட்டால் கல் மாதிரி.

அந்தச் சேனல் ஆப்பில் எப்படி வரும்? 'ஹாக்கி' என்று தேடினேன். பழைய சர்வதேச ஆட்டத் துண்டுகள் வந்தன. 'கோவில்பட்டி' என்று தேடினேன். சம்பந்தமே இல்லாத ஒரு படம் வந்தது. மொழி தமிழ் என்பது வரைக்கும் அதற்குத் தெரிகிறது. ஊர் தெரியவில்லை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஜூன் 21, சனி

இலவச 90 நாள் முடிந்தது. டிவியில் பார்க்க முடிகிற திட்டம் மூன்று மாதத்துக்கு 299, வருஷத்துக்கு 899. கபடி ஆகஸ்டில், ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நவம்பரில். வருஷச் சந்தாவே கட்டினேன்.

கட்டிய பிறகுதான் தெரிந்தது, டிஎன்பிஎல், அதாவது தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட், அதில் இல்லை. டிவியில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் போடுகிறது, ஆன்லைனில் ஃபேன்கோடு என்கிற ஆப். ஒரே போட்டிக்குச் சேனல் ஓரிடம், ஆப் வேறிடம். கேபிளில் இருந்திருந்தால் அந்த 320-க்குள்ளேயே வந்திருக்கும். நெல்லை ராயல் கிங்ஸ் பக்கத்துச் சங்கர்நகரில், ஒரு மணி நேர பஸ் தூரத்தில் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்க இன்னொரு ஆப்புக்குத் தனியாக அழவேண்டும். அழுதேன்.

ஜூலை 6, ஞாயிறு

டிஎன்பிஎல் ஃபைனல், நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானம். திருப்பூர் தமிழன்ஸ் 220. அஸ்வின் கேப்டனாக இருக்கிற திண்டுக்கல் 102-க்குச் சுருண்டது. திருப்பூருக்கு முதல் கோப்பை. அப்பா பாதியில் தூங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

புரோ கபடி. விசாகப்பட்டினத்தில் முதல் ஆட்டமே தெலுகு டைட்டன்ஸுக்கும் தமிழ் தலைவாஸுக்கும். 38-35, நமக்கு. தமிழ்க் கம்மென்ட்ரியோடு ஆப்பிலேயே வருகிறது, குறை சொல்ல முடியாது.

ஆனால் மகள் ஒன்று கண்டுபிடித்தாள். ஆட்டம் முடிந்ததும் டிவியில் யூடியூபில் 'கபடி லைவ்' என்று போட்டாள். வரிசையாக வந்தன. ஏதோ கிராமத்துக் கோயில் கொடை, டியூப் லைட் கட்டின ஆடுகளம், ஓரத்தில் பரிசுக்கு வைத்த பீரோவும் கட்டிலும், மைக்கில் "பாடி வரும் வீரர் பாண்டி" என்று ஒரு குரல். ராத்திரி பத்தரை மணிக்கு ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னூட்டங்களில் பாதி துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும். "நம்ம தெரு பயலுவ கலக்குறானுவ" என்று ஒருவர். அவருக்கு அங்கே மணி என்னவோ.

அப்பா கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். ஒரு மணி வரைக்கும் நகரவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

நெட் விட்டு விட்டு வந்ததால் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். கம்பத்தில் அணில் கடித்திருக்கிறது. ஒட்டிக்கொடுத்துவிட்டு உட்கார்ந்தவரிடம் அப்பா நேராகவே கேட்டார். "ஏய்யா, உன் சேனலை யூடியூபுல போட்டா என்ன? ஊருல பாதிப் பேரு ஒன்ன விட்டுட்டானுவ."

"பாதி இல்ல பெரியப்பா, முக்காவாசி" என்றார் அண்ணாச்சி. முன்னே அவரிடம் இருந்த இணைப்பில் கால்வாசிதான் இன்னும் கேபிள். மிச்சம் நெட். நெட்டில் கம்பெனிக்குப் போனது போக அவருக்கு வருவது கொஞ்சம்தான். ஆனால் அதுவும் இல்லையென்றால் ஏணியை விற்றுவிட்டுப் போகவேண்டியதுதான் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அண்ணாச்சி போட்டுவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஹாக்கி, யூடியூப் நேரலை. கம்பத்தில் கட்டிய ஒரு போன், அதைத் திருப்ப அவர் அக்கா மகன். பந்து இந்தப் பக்கம் வரும்போது போன் அந்தப் பக்கம் பார்க்கிறது. முதல் கோல் எங்களுக்குச் சத்தமாகத்தான் வந்தது.

பார்வையாளர்கள் 43. நாங்கள் நாலு பேர் ஒரு கணக்கு. "அப்ப நாப்பத்தாறு" என்றார் அப்பா. லெஃப்ட் அவுட் ஆடிய ஒல்லிப் பையன் பந்தை மட்டையோடு ஒட்டவைத்துக்கொண்டு இரண்டு பேரைத் தாண்டினான். அப்பா என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். இப்போதும் சிவந்திருக்கிறது.

நவம்பர் 29, சனி. மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில்

ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடக்கிறது. 24 நாடுகள். டிக்கெட் இலவசம், ஆன்லைனில் பதிந்தால் போதும். டித்வா புயல் மிரட்டிக்கொண்டிருந்தது. அப்பா குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார், பிறகு என்ன செய்ய?

இந்தியா 17, ஓமன் 0. பாகிஸ்தான் விலகியதால் கடைசி நேரத்தில் வந்த அணி, பாவம். பத்துக்கு மேல் அப்பா எண்ணுவதை விட்டுவிட்டு ஓமன் கோல்கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நல்ல தடுப்புக்கு எங்கள் வரிசையில் கைதட்டியவர் அவர் ஒருவர்தான்.

பஸ் திருமங்கலம் தாண்டிய பிறகு சொன்னார். "டிவியில அந்தச் சத்தம் வரமாட்டேங்குது. பந்து பலகையில போயி விழும் பாரு, டங்குனு." மைக் வைத்திருப்பார்கள், ஆனால் கம்மென்ட்ரி மூடிவிடுகிறது என்றேன். "அப்ப அந்த ஆள வாய மூடச் சொல்லு" என்று தூங்கிவிட்டார்.

டிசம்பர் 10, புதன்

வெண்கலத்துக்கு அர்ஜென்டினாவோடு ஆட்டம், சென்னையில். அலுவலகத்தில் மாட்டிக்கொண்டேன். போனில் பார்த்தபோது 0-2, அதோடு வண்டியை எடுத்துவிட்டேன்.

தெரு இருட்டு. கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் டிவி இல்லை, ரூட்டர் இல்லை. அப்பா வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் அவருடைய பட்டன் போன், ஸ்பீக்கரில். உள்ளிருந்து அண்ணாச்சி குரல்.

"...ஒண்ணு போட்டாச்சு பெரியப்பா, 2-1. கடைசிக் குவார்ட்டர். இப்ப நம்மகிட்ட பந்து, வலது பக்கம் போறான், போறான்..."

அண்ணாச்சி பஜாரில் தன் ஆபீஸில் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். அப்பாதான் கூப்பிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள், மகள், எதிர்வீட்டு ஆச்சி எல்லாரும் போனைச் சுற்றி. என் போனில் டேட்டா இருக்கிறது, போடவா என்றேன்.

"சும்மா இருடே. இதுவே நல்லாருக்கு."

2-2. பெனால்டி ஸ்ட்ரோக், எதிரே கோல்கீப்பர் மட்டும், "அடிக்கிறான்... உள்ள!" 3-2. ஆச்சிக்கு என்ன விளையாட்டு என்றே தெரியாது, கை தட்டினாள். அடுத்த நிமிஷமே 4-2. அண்ணாச்சிக்குக் குரல் கட்டிவிட்டது.

கரண்ட் ஏழரைக்கு வந்தது. மகள் ஆட்டத்தைப் பின்னால் ஓட்டி, கடைசிக் குவார்ட்டரிலிருந்து போட்டாள். அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து மறுபடியும் பார்த்தார். ஒவ்வொரு கோலுக்கும் பந்து வட்டத்துக்குள் வருவதற்கு முன்பே எழுந்து நின்றுகொண்டார்.