வில்லங்கத்தோடு வந்த பூர்விகச் சொத்து

என் கணவரின் முன்னோர் ஒருவர் ஸ்காட்லாந்தின் கிரீனக் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, மான்ட்ரியாலில் வணிகராக வாழ்ந்து அங்கேயே மறைந்தவர். ஆர்கைல் பகுதியில் இருந்த குடும்ப எஸ்டேட்டில் அவருக்குச் சேர வேண்டியதை அண்ணன் ஏமாற்றிப் பறித்துக்கொண்டார் என்பது அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் கதை. அது உண்மைதானா என்று அறிந்துகொள்ள என் மாமியார் தமது எண்பதாவது வயதில் ஆசைப்பட்டார். நாங்கள் எடின்பரோவில் குடியிருப்பதால் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பிறப்பையும் திருமணத்தையும் கண்டுபிடிப்பது நான் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை. அரசுப் பதிவு 1855-இல்தான் தொடங்கியது என்பதால் அதற்கு முந்தைய செய்திகளுக்குத் திருச்சபைப் பதிவேடுகளையே நம்ப வேண்டும். திருமணமான பின்னரும் பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிப்பது ஸ்காட்லாந்து வழக்கமாக இருந்ததால், ஒரே பெயர் கொண்ட மூன்று தகப்பன்மாருள் எங்களுக்கு உரியவரை அவருடைய மனைவியின் பெயரை வைத்து அடையாளம் காண முடிந்தது.

நான் தடுமாறியது உயிலில்தான். தகப்பனாரின் உயிலிலும் சரி, அண்ணனின் உயிலிலும் சரி, நிலத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வெள்ளிப் பாத்திரங்கள், மாடுகள், வரவேண்டிய குத்தகைப் பாக்கி ஆகியவை மட்டுமே இருந்தன. எஸ்டேட் என்பதே கட்டுக்கதை என்று முடிவுகட்டி மாமியாரிடமும் சொல்லிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன் என்பது சில வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது. ஸ்காட்லாந்துச் சட்டப்படி 1868 வரை அசையாச் சொத்தை உயில் வழியாக எழுதிவைக்க இயலாது. நிலத்தைத் தேடுகிறவர் உயிலைப் புரட்டிப் பயனில்லை, வாரிசுரிமைப் பதிவுகளைத்தான் பார்க்க வேண்டும்.

பிரின்ஸஸ் தெருவின் கிழக்கு முனையில் உள்ள ஆவணக் காப்பகத்துக்குச் சென்றேன். அங்கே பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடுதான் உள்ளே போக வேண்டும். வாரிசு என்று ஒருவர் உரிமை கோரினால், உள்ளூர்ப் பெரியவர்கள் அடங்கிய நடுவர் குழு விசாரித்துத் தன் முடிவை மேலிடத்துக்கு அனுப்பும். 1847 வரை அந்த ஆவணங்கள் லத்தீனில் எழுதப்பட்டன. எனக்கு லத்தீன் தெரியாது. நல்ல வேளையாக, 1700 முதல் பத்தாண்டுக்கு ஒன்றாக அச்சிடப்பட்ட அட்டவணைகள் உள்ளன. அவற்றில் ஒரு வரியில், பிள்ளையில்லாமல் இறந்த அண்ணனுக்கு வாரிசாக "மான்ட்ரியால் வணிகர்" என்ற குறிப்போடு எங்கள் ஆள் இருந்தார். ஆக, சொத்து பறிபோகவில்லை. அவர் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த வரியின் கடைசியில் "கும் பெனிஃபிசியோ இன்வென்டாரி" என்ற மூன்று லத்தீன் சொற்கள் இருந்தன. சொத்துப் பட்டியலின் பாதுகாப்போடு ஏற்றுக்கொள்வது என்பது அதன் பொருள். அந்நாளில், வாரிசாக நிலத்தை ஏற்பவர் இறந்தவரின் கடன் முழுவதற்கும் தம் சொந்தப் பணத்திலிருந்தும் பொறுப்பாவார். ஏற்பதா விடுவதா என்று யோசிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. 1695-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்தக் காலத்துக்குள் பட்டியல் கொடுத்துவிட்டால், சொத்தின் மதிப்புக்கு மேல் அவரிடம் கடன்காரர்கள் கேட்க முடியாது. கடல் கடந்து செய்தி வருவதற்கே வாரக்கணக்கில் ஆன காலத்தில், அந்தப் பட்டியலை உரிய தேதிக்குள் போட்டுவிட்ட மனிதரை நினைத்து எனக்கு வியப்பாக இருந்தது, தேர்ந்த வியாபாரிதான்.

அடுத்து, அப்படி என்ன கடன் என்று பார்க்க வேண்டியிருந்தது. 1617-இல் தொடங்கப்பட்ட சசீன் பதிவேடு நம் ஊர் வில்லங்கச் சான்றிதழைப் போன்றதே: யார் வாங்கினார், யாரிடம் அடமானம் வைத்தார், எப்போது மீட்டார் என்று நிலத்தைப் பற்றிய அனைத்தும் அதில் இருக்கும். 1781-க்குப் பிந்தைய பதிவுகளுக்கு ஆங்கிலச் சுருக்கம் அச்சிலேயே கிடைப்பதால், நபர் பெயரிலும் இடப் பெயரிலும் தேடி எங்கள் எஸ்டேட்டின் பதிவுகளை ஒரே நாளில் வரிசைப்படுத்திவிட்டேன். விதவைத் தாய்க்கு ஆண்டுதோறும் தர வேண்டிய ஜீவனாம்சம், தங்கைகளின் பங்கு, அவற்றைக் கொடுக்க வாங்கிய கடன், அந்தக் கடனுக்கு வட்டி கட்ட வாங்கிய கடன் என்று அடமானத்தின் மேல் அடமானம் ஏறியிருந்தது. அண்ணன் ஊதாரி என்று சொல்ல ஒரு சான்றும் இல்லை.

அந்த வரிசையில் இரண்டு பதிவுகள் அடுத்தடுத்து இருந்தன. முதலாவது, இளைய மகனின் பங்குக்காகத் தகப்பனார் நிலத்தின் மீது எழுதிவைத்த தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டதாக எங்கள் வணிகர் கொடுத்த விடுதலைப் பத்திரம். இரண்டாவது, அதே மாதத்தில் அதே தொகைக்கு அண்ணன் கிளாஸ்கோ கடன்காரர் ஒருவருக்கு எழுதிக்கொடுத்த அடமானம். தம்பி மான்ட்ரியாலில் கடை திறக்கப் போட்ட மூலதனம் அந்தப் பணம்தான். பல ஆண்டுகளுக்குப் பிறகு வட்டியோடு எஸ்டேட்டின் தலையில் ஏறி அவரிடமே திரும்பி வந்த கடன்களில் அதுவும் ஒன்று.

நிலம் விற்கப்பட்ட கடைசிப் பதிவு வரை பென்சிலால் எழுதிக்கொண்டு வந்து மாமியாரிடம் படித்துக் காட்டினேன். அந்த இரண்டு பதிவுகளை மட்டும் மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அண்ணன் பெயர் என்ன?" என்றார். அதுவரை அந்த வீட்டில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.